சுக்காங்குறிச்சி பிளந்ததற்கான சாட்சியங்கள்

அரியலூருக்குக் கிழக்கே, சிமெண்டு லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சுக்காங்குறிச்சி என்றொரு கிராமம் இருந்தது. ஆடி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அது இரண்டாகப் பிளந்தது. தெற்குத் தெரு மட்டும் தன் அறுபத்திரண்டு வீடுகளோடும் கோழிகளோடும் ஒரேயொரு கைப்பம்போடும் கழன்று, ஒரு பஸ் நீளத்துக்கு விலகிப் போய் நின்றது. நடுவில் தண்ணீர் ஏறியது. நக்கிப் பார்த்தவர்கள் உப்புக் கரிக்கிறது என்றார்கள். கடல் எங்கேயோ பரங்கிப்பேட்டைப் பக்கம் கிடக்க இங்கே எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தச் சீமையில் எங்கே குழி தோண்டினாலும், கடல்நத்தை கல்லாகிப்போன கல்நத்தை சுருள் சுருளாகக் கிடைக்கும். முன்னொரு காலத்தில் இங்கே குடியிருந்த கடல் தன் வீட்டைப் பார்க்கத் திரும்பி வந்திருக்கிறது, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று மிச்சக் கூழையும் குடித்து முடித்தார்கள்.

பிளந்த இடம் எது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தெற்குத் தெருக்காரர்கள் கோயில் பக்கம் குறுக்கே நடந்துவிடக் கூடாது என்று பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் ஒரு சுவர் எழுப்பினார்களே, அந்தச் சுவரின் அடிக்கால் ஓரமாகவே வெட்டிக்கொண்டு போய், சுவர் முடிந்த இடத்திலிருந்து ஓடை, புளியமரம், குப்பைமேடு என்று வளைந்து நெளிந்து பிளந்திருந்தது. புளியமரம் சரிபாதியாகக் கிழிந்து ஆளுக்கொரு கரையில் நின்றது. சுவர் ஊர்ப்பக்கம் தங்கிவிட்டது. அடுத்த வாரமே அதற்கு நீலச் சாயம் அடித்து, ‘அலைத்தடுப்புச் சுவர்’ என்று எழுதி, ஊர்த்தலைவர் தில்லைகோவிந்தன் ரிப்பன் வெட்டித் திறந்தும் வைத்துவிட்டார். வெட்கம் மானம் இருக்கிறவன் செய்கிற காரியமா அது!

ஊர் என்னவோ ஒரு மாதத்தில் பழகிக்கொண்டது. மினிபஸ் கண்டக்டர் கோயில் வாசல் நிறுத்தத்தை ‘பீச்சு, பீச்சு’ என்று கூவ ஆரம்பித்தான். ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் வரைக்கும் போய் முழுகி வந்தவர்கள் இனி அந்த அலைச்சல் இல்லை என்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாகவே முழுகினார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்களிடம் எங்கள் ஊரில் கடற்காற்று என்று பீற்றிக்கொண்டார்கள், மாலையில் ஒருவர் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் போட்டார், அதுவும் விற்றது. இரண்டாம் மாதத்தில் ‘தெற்கே ஒரு தெரு பிரிந்து போயிற்று’ என்கிற பேச்சு ‘தெற்கே ஒரு தீவு இருக்கிறது’ என்று ஆயிற்று. மூன்றாம் மாதத்தில் ‘அது எப்போதும் அங்கேதான் இருந்தது’ என்று ஆயிற்று. மறப்பதற்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

தெற்குத் தெருவோ நாளொன்றுக்கு ஓர் ஆள் உயரம் வீதம் தெற்கே போய்க்கொண்டே இருந்தது. திண்டாட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை; ரேஷன் அரிசிக்கும் மருந்துக்கும் மாயவன் கொள்ளிடத்திலிருந்து வாங்கிவந்த பரிசலில் துடுப்புப் போட வேண்டியிருந்தது. ஆனால் விடிந்தும் விடியாமலும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ‘ஏய், எவன்டா அங்க’ என்று கூப்பிடுகிற குரல் தண்ணீரைத் தாண்டி வரவில்லை என்பதால், ஏழு மணி வரைக்கும் தூங்கலாம் என்பதையே அந்தத் தெரு அப்போதுதான் கண்டுபிடித்தது.

தூங்காதவள் செம்பாயி ஒருத்திதான். நாற்பத்திரண்டு வயது, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்துக் காய்த்த கை, எதிரே நிற்கிறவர் யாராக இருந்தாலும் படாரென்று கேட்டுவிடுகிற வாய். அவளுடைய அப்பா, தாலுகா சர்வேயர்கள் நிலம் அளக்க வரும்போதெல்லாம் சங்கிலி பிடிக்கப் போனவர். முப்பது வருடம் ஊரான் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டவருக்குச் சொந்தமாக இருந்தது அரை ஏக்கர், ஏரி மதகுக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் ஒடுக்கப்பட்ட சனங்களுக்கென்று கொடுத்து வேறு எவரும் வாங்கக் கூடாது என்று எழுதிவைத்த பஞ்சமி நிலம். அதை யாரும் வாங்கவில்லை. தில்லைகோவிந்தனின் அப்பா நடேசன் ஒரு வருடம் தன் வேலியை நாலு அடி தள்ளிப் போட்டார், அடுத்த வருடம் இன்னும் எட்டு அடி, அதற்கடுத்த வருடம் வரப்பு எங்கே என்றே தெரியவில்லை. நிலம் நகரும் என்று செம்பாயிக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு வருடமாக அந்த அரை ஏக்கரைக் கேட்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தாள், ஆவணி மாதம் தீர்ப்பு சொல்வதாக இருந்தது, அதற்குள் ஊர் பிளந்து தொலைத்தது. நிலம் வடக்கே நின்றுவிட்டது, அவள் தெற்கே போய்க்கொண்டிருந்தாள்.

ஆவணிக் கடைசியில், விசாரணை அன்று தில்லைகோவிந்தனின் வக்கீல் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு புது வாதத்தை வைத்தார்.

“அம்மா, பஞ்சமி நிலம் கொடுக்கப்பட்டது சுக்காங்குறிச்சி கிராமத்துல குடியிருந்தவங்களுக்கு. இந்த மனுதாரர் இருக்கறது ஒரு தீவு. அந்தத் தீவுக்கும் எங்க கிராமத்துக்கும் எந்தக் காலத்துலயும் ஒட்டு கிடையாது. எங்கிருந்தோ மிதந்து வந்தவங்க, எங்க ஊர் நிலத்தைக் கேக்கறாங்க.”

“மிதந்து வந்தமா?” செம்பாயி தில்லைகோவிந்தனைக் கைகாட்டிப் போட்ட குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “ஆனி மாசம் வரைக்கும் இவுரு வூட்டு மாட்டுச் சாணிய அள்ளுனது யாருங்கம்மா, மீனா?”

கோட்டாட்சியர் அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தார். கெட்டவர் இல்லை, காகிதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிற ரகம். நில அளவைப் புலப்படத்தை விரித்தால் அதில் கடலே இல்லை, இப்போதோ கடல் இருக்கிறது, ஆகவே படத்தை நம்புவதற்கில்லை என்று சொல்லிவிட்டார். “ரெண்டும் ஒரே நிலமா இருந்துச்சுன்னு நீங்க ஆதாரம் காட்டணும் செம்பாயி. ரெண்டு மாசம் தரேன்.”

பிரிந்து ஒன்றரை மாதம் ஆகவில்லை, சேர்ந்திருந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். அப்பாவின் கை பழகிய சங்கிலியை எடுத்துக்கொண்டு, மாயவன் துடுப்புப் போட, தெற்குக் கரையை முழுக்கச் சுற்றி அளந்தாள். ஊர்க்கரையில் நின்று அளக்க விடமாட்டார்கள் என்பதால் அதைத் தண்ணீரில் நின்றே கயிறு போட்டு அளந்தாள். மாயவன் அவளுடைய பெரியப்பா மகன், பறை அடிக்கிறவன், கோபக்காரன்.

“அளந்து என்னா பண்ணப்போற? அவனுவ ஒத்துக்கவா போறானுவ?”

“நீ துடுப்பப் போடுண்ணே. ஒத்துக்கலன்னா என்னா, அவனுவ முழிக்கறதயாவது பாக்கலாமுல்ல.”

இரண்டு கரையையும் படமாக வெட்டுவதற்குப் பெரிய காகிதம் கிடைக்கவில்லை. தில்லைகோவிந்தனின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டிய பேனர் ஒன்று காற்றில் பறந்து தெற்குத் தெருவுக்கு வந்து ஆட்டுக்கொட்டகையில் கூரையாகக் கிடந்தது, அதை இறக்கி, சாணிக்கையால் கோடு போட்டு, கத்தரித்து எடுத்துக்கொண்டாள். அலுவலகத்தின் தரையில் இரண்டு துண்டையும் போட்டுத் தள்ளினாள். ஓடை வளைவும் குப்பைமேட்டு முட்டும் புளியமரத்துப் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்ததில், மூக்குக்கு மேல் ஒரு துண்டும் மீசைக்குக் கீழ் ஒரு துண்டுமாக இருந்த தில்லைகோவிந்தன் முழுசாகக் கைகூப்பி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பியூன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

“பேனரை யார் வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் வெட்டலாம்,” என்றார் வக்கீல்.

சரி என்று கரையின் வெட்டுமுகத்தை அடுக்கடுக்காகத் தோண்டி எடுத்துப் பாட்டிலில் போட்டு வந்தாள். இங்கே மேலே மூன்று முழம் செம்மண், அதற்குக் கீழ் ஒரு முழம் சுக்காங்கல், பிறகு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, பிறகு மஞ்சள் களி, களிக்குள் சிப்பி. அங்கேயும் மூன்று முழம், ஒரு முழம், வெள்ளை, மஞ்சள், சிப்பி. சுரங்கத்தில் இருபது வருடம் கல் உடைத்தவள், பாறையின் நிறம் மாறுகிற இடம் அவளுக்குத் தன் புடவைக்கரை மாதிரி தெரியும். வக்கீல், மண் எல்லா ஊரிலும் மண்தான் என்றார்.

கல்நத்தைகளைக் கொண்டுவந்தாள், வடகரையில் ஒன்பது, தென்கரையில் ஒன்பது, சுருளுக்குச் சுருள் ஒரே அச்சு. அன்றைக்கு ஊர்க்கோயில் குருக்களையும் கூட்டி வந்திருந்தார்கள். வடகரையில் கிடைப்பது பெருமாளின் சக்கரம், பூசைக்குரியது, தென்கரையில் கிடைப்பது வெறும் நத்தை, இரண்டையும் ஒன்று என்று சொல்வது தெய்வ நிந்தனை என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். செம்பாயி பதினெட்டையும் ஒரு பையில் கொட்டி, குலுக்கி, மேஜையில் பரப்பினாள். “இதுல பெருமாள் எதுன்னு பொறுக்கிக் காட்டுங்க சாமி.” குருக்கள் குனிந்தார், ஒன்றை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார், அதையும் வைத்தார், பிறகு தனக்கு மதிய பூசைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

மண்புழுவைக் கொண்டுவந்தாள், இரண்டு கரையிலும் ஒரே புழு. நீந்தி வந்திருக்கும் என்றார் வக்கீல். “உப்புத் தண்ணியில மண்புழுவ உட்டுப் பாருங்களேன், நீந்துதா வேவுதான்னு,” என்றாள். உடனே அவர் பேச்சை மாற்றி, முன்காலத்தில் நடுவிலே ஒரு பாலம் இருந்திருக்கலாம், புழு அதன் வழியாக வந்திருக்கலாம், பிறகு பாலம் மூழ்கியிருக்கலாம் என்றார். இல்லாத பாலத்தைக் கட்டி, அதன் மேல் புழுவை நடத்தி, அதை மூழ்கவும் அடித்தாரே தவிர, தெரு பிரிந்து போயிற்று என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை.

கடைசியில் கோட்டாட்சியர் அம்மாவே ஒரு கேள்வி கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். “எல்லாம் பொருந்துது செம்பாயி, நான் இல்லன்னு சொல்லலை. ஆனா அறுபது வீட்டையும் மண்ணையும் பாறையையும் சேர்த்துத் தள்ளணும்னா ஒரு சக்தி வேணுமில்ல? எந்த சக்தி தள்ளுச்சு? அதைச் சொல்லாம நான் எப்படி எழுதறது?”

ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அவளுக்கு அப்போது தலைக்கு ஏறியது.

“எந்த சக்தி தள்ளுச்சுன்னு இன்னிக்குக் கேக்கறீங்களேம்மா. கோயிலுக்கு அந்தப் பக்கம், கொளத்துக்கு அந்தப் பக்கம், சொவத்துக்கு அந்தப் பக்கம்னு எங்கள எங்க ஆயா காலத்துலேருந்து தள்ளிக்கிட்டே வந்தாங்களே, அப்ப இந்த ஆபீசு இங்கதான இருந்துச்சு? ஒருத்தராவது எந்த சக்தி தள்ளுதுன்னு கேட்டீங்களா? தள்ளுனா நகராதா? மண்ணுக்கு ரோசம் இருக்காதா?”

கோட்டாட்சியர் அம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். எதுவும் எழுதவில்லை. அடுத்த தேதியைக் கொடுத்தார், அதுதான் கடைசித் தேதி என்றும் சொன்னார்.

அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தில்லைகோவிந்தனின் அப்பா நடேசன் இறந்துபோனார். தொண்ணூற்றோரு வயது, கல்யாணச் சாவு, அமர்க்களமாக எடுக்க வேண்டிய பிணம். ஆனால் பறை இல்லை, பாடை கட்ட ஆள் இல்லை, சுடுகாட்டில் விறகு அடுக்கி மூட்டம் போட ஆள் இல்லை. அந்த வேலைகளையெல்லாம் ஊருக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது, எந்தக் காலத்திலும் ஒட்டே இல்லாத அந்தத் தீவு. சுவரின் மேல் ஏறி நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். இப்போது தெரு அரை பர்லாங்குக்கு மேல் போய்விட்டது, குரல் தண்ணீரில் விழுந்தது. மைக்செட் கட்டிக் கூப்பிட்டார்கள். மாயவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்காதது போல வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிணம் ஒரு நாள் கிடந்தது. ஐஸ் பெட்டி வந்தது. இரண்டாம் நாள் ஊர்க்கூட்டம் போட்டு, கோபத்தில் குதித்து, மானம் போயிற்று என்று மார்தட்டி, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு புகார் எழுதினார்கள். எழுதியதோடு நிற்காமல், பயந்து ஓடிவரட்டும் என்று அதில் ஒரு நகலைத் தெற்குத் தெருவுக்கும் கொடுத்தனுப்பினார்கள்.

நகலை முதலில் வாங்கிப் படித்தவன் மாயவன். படித்துவிட்டு அதைச் சுருட்டிக்கொண்டு செம்பாயி வீட்டுக்கு ஓடினான்.

“பாரு எழுதியிருக்கறத! ‘தொன்றுதொட்டு ஏழு தலைமுறையாக எங்கள் சுக்காங்குறிச்சி ஊரின் தெற்குத் தெருவில் எங்களை அண்டிக் குடியிருந்து, எங்கள் ஊருக்குச் சாவு முறை செய்யக் கடமைப்பட்ட மேற்படியார்கள், கடந்த ஆடி மாதம் தெரு பிரிந்து சென்றதைச் சாக்காக வைத்துக்கொண்டு…’ அண்டிக் குடியிருந்தமா? கடமைப்பட்டவனுவளா? இத இப்பவே…”

“கிழிச்ச, கைய ஒடிச்சிடுவேன்!” செம்பாயி பாய்ந்து பிடுங்கினாள். அடுப்படி வெளிச்சத்தில் வைத்து எழுத்துக்கூட்டி மறுபடியும் படித்தாள். ஏழு தலைமுறை. எங்கள் ஊரின் தெற்குத் தெரு. பிரிந்து சென்றதை. கீழே தில்லைகோவிந்தன் கையெழுத்து, பக்கத்தில் ஊர்முத்திரை, அதற்கும் கீழே பெரிய மனிதர்கள் பதினோரு பேர் வரிசையாக. பாறையும் நத்தையும் புழுவும் சொல்லி நம்பாததை, திமிர் தானாகவே உட்கார்ந்து எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தது. ஒரு வேலைக்காரனை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், அரை ஏக்கரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க ஆத்திரமும் வந்தது.

மூன்றாம் நாள் ஊர்க்காரர்களே விறகை அடுக்கினார்கள். அடுக்கத் தெரியாமல் அடுக்கியதில் நெருப்பு பிடிக்காமல் புகை மட்டும் தண்ணீரைத் தாண்டி வந்தது. செம்பாயிக்குச் செத்தவர் மேல் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது, அதற்காகப் பரிசலை அவிழ்க்கவில்லை.

கடைசித் தேதியில் அந்த நகலைக் கோட்டாட்சியர் அம்மாவின் மேஜை மேல் வைத்தாள். அவர் முதல் முறை வேகமாகப் படித்தார், இரண்டாம் முறை மெதுவாகப் படித்தார், பிறகு தில்லைகோவிந்தனிடம் நீட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க,” என்றார் தில்லைகோவிந்தன் நிமிர்ந்து உட்கார்ந்து. “முறைன்னு ஒண்ணு இருக்குல்லீங்க. ஏழு தலைமுறையா செய்யறாங்க. இன்னிக்குத் திடீர்னு மாட்டேன்னா?”

வக்கீல் தன் கட்சிக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார், அதற்குள் தில்லைகோவிந்தன் சொல்லி முடித்துவிட்டார். கோட்டாட்சியர் அம்மா அன்றைக்கே உத்தரவு எழுதினார்: இரு நிலப்பகுதிகளும் ஒரே கிராமமாக இருந்தவை, எதிர்மனுதாரரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார், மதகடி அரை ஏக்கர் செம்பாயிக்கே உரியது. இன்ன சாதிக்காரர் இன்ன வேலைதான் செய்ய வேண்டும் என்று எழுதிக் கேட்டது தனிக் குற்றம் என்பதால், புகார் கொடுத்த பன்னிரண்டு பேர் மேலும் வழக்குப் பதியச் சொல்லி அதே காகிதத்தைப் போலீசுக்கு அனுப்பினார்.

கார்த்திகை மாதம் பட்டாவோடு மதகடிக்குப் போனாள். வேலிக்குள் தில்லைகோவிந்தனின் மக்காச்சோளம் பால்பிடித்து நின்றது, அவரும் நின்றார்.

“காயிதத்த நீ வச்சிக்க செம்பாயி. பயிரு என்னுது. தை மாசம் அறுத்துட்டு அப்புறம் பேசிக்கலாம். அதுக்குள்ள ஒங்க தெரு ராமேஸ்வரம் போயிடும்,” என்று சிரித்தார். “நாளுக்கு நாள் தூரம்தான ஆவுது? எப்பிடி வருவ, எப்பிடி உழுவ?”

இத்தனை வருடம் அய்யா அய்யா என்று கூப்பிட்ட வாய்தான்.

“யோவ் தில்லைகோவிந்தா. தெனமும் ஒரு ஆள் ஒசரம் வெலவுதுன்னா, தெனமும் ஒரு துடுப்பு கூடப் போட்டுக்கிட்டு வருவேன். சோளத்த வியாழக்கெழம பொழுது சாயறதுக்குள்ள அறுத்துக்க. வெள்ளிக்கெழம என் ஆடு வரும்.”

அவர் அறுக்கவில்லை. ஆடு எங்கே கடல் தாண்டப் போகிறது என்று இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மினிபஸ் வந்து ‘பீச்சு, பீச்சு’ என்று கூவிக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று பரிசல்களில் பதினேழு ஆடுகள் வந்து இறங்கின. செம்பாயி அவற்றை ஊரின் நடுத்தெரு வழியாகவே, கோயில் வாசலைக் கடந்து, மணி குலுங்க ஓட்டிப்போனாள். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு பார்த்தார்கள். மதகடியில் வேலிப்படலைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள். ஆடுகள் சோளத்துக்குள் நுழைந்து மறைந்து, உள்ளே மளமளவென்று முறிகிற சத்தம் கேட்டது. தில்லைகோவிந்தன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, வரப்பில் நின்று, ஆட்டை ஓட்டச்சொல்லி ஆள் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட அவர் வாயில் வந்தது எல்லாமே தெற்குத் தெருப் பெயர்கள்: மாயவா என்றார், சின்னக்கண்ணு என்றார், பூங்கொடி என்றார், பிறந்ததிலிருந்து கூப்பிட்டுப் பழகிய அத்தனை பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, மூச்சு வாங்கி, கடைசியில் இருந்த ஆத்திரத்தில் யோசிக்காமல் “ஏ செம்பாயி!” என்று அலறினார்.

“என்னாய்யா?” என்றாள் அவள், சோளத்துக்கு நடுவிலிருந்து.